கால்வாய் வெட்டிச் சோறு போட்ட பாதிரியார்

எங்க ஊர் திருமுக்கூடல். உங்கள்ல பாதிப் பேருக்கு அது எங்க இருக்குன்னு தெரியாது, பரவாயில்ல. காஞ்சிபுரம் மாவட்டம், உத்திரமேரூர் பக்கம். வாலாஜாபாத்ல இருந்து செங்கல்பட்டு ரோட்டுல வந்தா பழைய சீவரம் வரும். அங்க பாலாத்துப் பாலத்தைத் தாண்டுனா எங்க ஊர். பாலாறு, செய்யாறு, வேகவதின்னு மூணு ஆறு கூடுற இடம், அதனால அந்தப் பேரு. இப்போ ஆத்துல தண்ணியை விட ரோட்டுல ஜல்லி லாரிதான் அதிகம்.

ஆனா எங்க பெருமாள் கோயில் சுவர்ல ஒரு பெரிய கல்வெட்டு இருக்கு. வீரராஜேந்திர சோழன் காலம், சுமார் 1067. அதுல ஒரு ஆஸ்பத்திரியைப் பத்தி எழுதியிருக்கு. 15 படுக்கை, ஒரு மருத்துவர், அறுவை செய்யுறவர், மூலிகை கொண்டுவர ஆள், நோயாளியைப் பார்த்துக்கப் பெண்கள். யார் யாருக்கு எவ்வளவு நெல்லுன்னு கணக்கு. அங்கேயே தங்கிப் படிச்ச மாணவர்களுக்குச் சாப்பாட்டுக்கும் கணக்கு. சின்ன வயசுல அந்தச் சுவர்ல சாய்ஞ்சு நின்னு சுண்டல் சாப்பிட்டிருக்கேன். அது என்னன்னு தெரிஞ்சது காலேஜ் வந்த பிறகுதான். இங்கிலீஷ் மீடியத்துல படிச்சவன், என் தமிழ்ல பிழை இருந்தா பொறுத்துக்கோங்க.

அந்தக் கல்வெட்டைப் படிச்சப்போ ஒரு விஷயம் மண்டையில ஏறுச்சு. பசிக்குச் சோறு போடுறதுக்கும் ஒரு டிசைன் வேணும். மனசு மட்டும் போதாது. எத்தனை பேர், எவ்வளவு அரிசி, யார் அளந்து போடுறது, எதுல இருந்து காசு வரும்னு யாரோ உட்கார்ந்து யோசிச்சிருக்கணும்.

இந்த இதழ்ல நான் சொல்லப் போறது அப்படி யோசிச்ச ஒருத்தரோட கதை. அவர் பாதிரியார். அதுக்கு முன்னாடி நம்மளை மாதிரி தியோடலைட்டைத் தூக்கிக்கிட்டு அலைஞ்ச சர்வேயர். பேரு ஜான் எவரெட் கிளஃப். அவர் வெட்டின கால்வாயோட இன்னொரு பகுதியை நீங்க தினமும் பறக்கும் ரயில்ல போறப்போ மூக்கைப் பொத்திக்கிட்டுப் பார்க்குறீங்க.

சர்வேயர் பையன்

கிளஃப் பிறந்தது 1836, அமெரிக்காவுல நியூயார்க் மாநிலத்துல. வசதி இல்லாத குடும்பம். பிழைப்பு தேடி மேற்கே நகர்ந்து அயோவா பக்கம் போய்ச் சேர்ந்தாங்க. பதினேழு, பதினெட்டு வயசுல, அதாவது நாம கவுன்சிலிங்குக்கு வரிசையில நிக்குற வயசுல, மினசோட்டாவுல நிலம் அளக்குற அரசாங்கக் குழுவுல சேர்ந்துட்டார். காடு, சதுப்பு, பனி. சங்கிலியை இழுத்துப் பிடிச்சு அளந்துக்கிட்டே போகணும். ஆளுங்களை வெச்சு வேலை வாங்க, கூடாரம் போட, இத்தனை பேருக்கு இத்தனை நாள் சாப்பாடுன்னு கணக்குப் போட, எல்லாம் அங்கதான் கத்துக்கிட்டார்.

சேர்த்த காசுல காலேஜ் போனார். வக்கீல் ஆகணும்னு ஆசை. கடவுள் மேல பெரிசா நம்பிக்கை இல்லாத ஆள். ஆனா படிக்குற காலத்துலயே மனசு மாறி பாப்டிஸ்ட் சபையில சேர்ந்தார். 1861-ல ஹாரியட்டோட கல்யாணம், 1862-ல பட்டம். 1864 கடைசியில, அமெரிக்காவுல உள்நாட்டுப் போர் நடந்துக்கிட்டு இருக்கும்போது, பாஸ்டன்ல இருந்து பாய்மரக் கப்பல்ல ஏறி, 1865-ல நெல்லூர் வந்து சேர்ந்தார்.

அவர் சேர்ந்த மிஷனோட நிலைமை சொன்னா சிரிப்பீங்க. அமெரிக்க பாப்டிஸ்டுகள் தெலுங்கு பேசுற பகுதியில வேலை ஆரம்பிச்சு ஏறக்குறைய முப்பது வருஷம் ஆகியிருந்தது. சேர்ந்தவங்களை விரல் விட்டு எண்ணலாம். இழுத்து மூடிடலாம்னு ஒரு தடவை இல்ல, பல தடவை பேச்சு வந்தது. வரைபடத்துல நெல்லூர் மட்டும் ஒத்தைப் புள்ளியா நின்னதால 'ஒற்றை நட்சத்திரம்'னு பட்டப்பேரு. நம்ம பாஷையில சொன்னா, அரியரோட ஓடிக்கிட்டு இருந்த பிராஜெக்ட். அதுலதான் போய்ச் சேர்ந்தார்.

ஓங்கோல்

1866-ல நெல்லூர்ல இருந்து வடக்கே ஓங்கோலுக்குக் குடிபோனார். இன்னைக்கு ஆந்திரா, சென்னையில இருந்து சுமார் 300 கிலோமீட்டர். அன்னைக்கு நம்ம செங்கல்பட்டு மாதிரியே சென்னை மாகாணத்துக்குள்ள, நெல்லூர் மாவட்டத்துல இருந்த ஊர்.

அங்க முதல்ல அவரைத் தேடி வந்தது மேல் சாதிக் குடும்பங்கள். பள்ளிக்கூடம் வெச்சா பிள்ளைகளை அனுப்புறோம்னாங்க. அதே நேரத்துல இன்னொரு பக்கத்துல இருந்து மாதிகர்கள் வர ஆரம்பிச்சாங்க. தோல் வேலை செய்யுறவங்க. ஊருக்குச் செருப்பு, கவலை இறைக்கத் தோல் சால், மாட்டுக்கு வார் எல்லாம் அவங்கதான் செய்வாங்க. திருவிழாவுக்கும் சாவுக்கும் தப்படிக்கணும். பதிலுக்கு அறுப்புல கொஞ்சம் தானியம், செத்த மாட்டோட தோலும் கறியும். சேரி ஊருக்கு வெளிய. உங்க ஊர்லயும் எங்க ஊர்லயும் இந்த ஏற்பாடு எப்படி இருந்ததுன்னு நமக்குத் தெரியும். தெரியாதுன்னு நடிக்க வேணாம்.

அவங்கள்ல யெர்ரகுண்ட்ல பெரய்யான்னு ஒருத்தர். தோல் வியாபாரம் பண்ணிக்கிட்டு ஊர் ஊராப் போறவர். ஏற்கெனவே கடவுள் யாருன்னு தேடிக்கிட்டிருந்தவர். ஞானஸ்நானம் வாங்கின பிறகு தன் சொந்தக்காரங்க இருக்குற ஊருக்கெல்லாம் நடந்தே போய்ச் சொன்னார். கிளஃப் பேரு புத்தகத்துல பெரிசா வரும், ஆனா இந்த வேலையோட கால் பெரய்யாவோடது.

மேல் சாதிக்காரங்க வந்து சொன்னாங்க: அவங்களைச் சேர்த்தா நாங்க வர மாட்டோம், பசங்களையும் அனுப்ப மாட்டோம். இது சின்ன முடிவு இல்லங்க. படிச்சவங்க, செல்வாக்கு உள்ளவங்க ஒரு பக்கம். பசிச்ச வயிறு ஒரு பக்கம். கிளஃபும் ஹாரியட்டும் தனித்தனி அறையில குழம்பிக்கிட்டு பைபிளைப் பிரிச்சப்போ, ரெண்டு பேருக்குமே ஒரே பகுதி வந்ததுன்னு அவங்க வரலாறுல சொல்லுவாங்க. உலகம் எளியவங்கன்னு ஒதுக்கினவங்களைக் கடவுள் தேர்ந்தெடுத்தார்னு பவுல் எழுதின பகுதி. அது தற்செயலா, வேற எதாவதான்னு நீங்களே முடிவு பண்ணிக்கோங்க. முடிவு என்னன்னா, மாதிகர்களைச் சேர்த்துக்கிட்டார். பிராமணப் பசங்க பள்ளிக்கூடத்தை விட்டுப் போயிட்டாங்க.

1867 ஜனவரி 1-ல ஓங்கோல் சபை 8 பேரோட ஆரம்பிச்சது. அதே 1867, மே 23-ல வடலூர்ல வள்ளலார் சத்திய தருமச்சாலையைத் திறந்து அடுப்பு மூட்டினார். ஒருத்தரை ஒருத்தர் கேள்விப்பட்டிருக்க வாய்ப்பில்ல. ஆனா ரெண்டு பேரும் பார்த்தது ஒரே மாகாணத்துப் பசியை.

தாது வருஷம்

எங்க ஆயா, யாராவது சோத்தைக் கொட்டினா 'தாது வருஷத்துல பொறந்திருந்தா தெரிஞ்சிருக்கும்'னு திட்டும். ஆயாவும் அந்த வருஷத்துல பொறக்கல. அவங்க ஆயா சொன்னது, வாய் வழியா வந்தது. எனக்கு ரொம்ப நாளா அது ஒரு திட்டு வார்த்தை மட்டும்தான்.

தாது வருஷம்னா 1876. அந்த வருஷம் மழை பொய்ச்சது. 1878 வரைக்கும் பஞ்சம். பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதிகள்ல மட்டும் சுமார் 55 லட்சம் பேர் செத்திருப்பாங்கன்னு ஒரு கணக்கு சொல்லுது. சென்னை மாகாணத்துக்குத்தான் பெரிய அடி. மதுரையில குஞ்சரம்னு ஒரு தாசி தன் சொத்தை எல்லாம் வித்துக் கஞ்சி ஊத்தினாங்கன்னு இன்னைக்கும் சொல்றாங்க.

நமக்குச் சந்தேகம் வரும்: தானியமே இல்லையா? இருந்தது. துறைமுகத்துல மூட்டை இருந்தது, கப்பல்ல வெளிநாட்டுக்கும் போய்க்கிட்டு இருந்தது. ரயில் பாதையும் இருந்தது. ஆனா ரயில் தானியத்தைப் பசி இருக்குற இடத்துக்குக் கொண்டு போகாது, விலை இருக்குற இடத்துக்குத்தான் கொண்டு போகும். அமர்த்தியா சென் பிற்காலத்துல விளக்கினது இதைத்தான். சாப்பாடு இல்லாம மட்டும் ஜனங்க சாகுறதில்ல, சாப்பாட்டை வாங்குற சக்தி கையில இல்லாமலும் சாகுறாங்க.

இப்போ மாதிகர்களை நினைச்சுப் பாருங்க. நிலம் இல்ல. அறுப்பு இல்லாததால தானியப் பங்கு இல்ல. மாடெல்லாம் செத்ததால தோல் வேலையும் இல்ல. கையில காசு எப்பவுமே இருந்ததில்ல. முதல்ல விழுறது அவங்கதான்.

அரசாங்கம் நிவாரண வேலைன்னு ஒண்ணு வெச்சது. ரோடு போடு, மண் வெட்டு, கூலி வாங்கிக்கோ. 1877 ஜனவரியில சர் ரிச்சர்ட் டெம்பிள்னு ஒரு அதிகாரியைச் செலவைக் குறைக்க அனுப்பினாங்க. அவர் ஒரு ஆம்பளைக்கு ஒரு நாள் கூலியை 1 பவுண்டு தானியம், அதோட 1 அணான்னு குறைச்சார். 1 பவுண்டுன்னா 450 கிராம். அரிசியாப் பார்த்தா சுமார் 1,600 கலோரி. நாள் முழுக்க மண் வெட்டுற உடம்புக்கு 3,000-க்குப் பக்கத்துல வேணும். மாகாணத்தோட சுகாதார ஆணையர் கார்னிஷ், இது பட்டினி போடுற கூலின்னு சண்டை போட்டார். வேலை செய்யச் செய்ய உடம்பு கரையுற கூலி அது. உள்ள போறதை விட வெளிய போறது அதிகம்னா டேங்க் காலியாகும், இதுக்கு ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் படிக்க வேண்டியதில்ல.

மூன்றரை மைல்

அந்த நிவாரண வேலைகள்ல பெரிசு ஒண்ணு, கடற்கரையை ஒட்டின கால்வாய். இதோட ஆரம்பம் 1806-ல, பேசில் காக்ரேன் எண்ணூர் பக்கம் வெட்டினது. கொஞ்சம் கொஞ்சமா நீண்டு, பஞ்ச காலத்துல பெரும் வேகத்துல வேலை நடந்தது. அப்போ கவர்னரா இருந்த பக்கிங்ஹாம் பிரபு பேரை 1878-ல வெச்சாங்க. ஆந்திராவுல பெத்தகஞ்சாம்ல இருந்து நம்ம மரக்காணம் வரைக்கும் சுமார் 420 கிலோமீட்டர். கூவத்தையும் அடையாறையும் இணைக்குற துண்டு அந்தப் பஞ்சத்துல வெட்டினதுதான். மயிலாப்பூர்ல ரயில் தூணுக்கு நடுவுல கறுப்பா ஓடுதே, அது பசிச்ச கை தோண்டினது.

ஓங்கோல் பக்கமும் இந்தக் கால்வாய் வேலை வந்தது. கிளஃபோட ஜனங்க கிராமம் கிராமமா விழுந்துக்கிட்டு இருந்தாங்க. வேலைக்குப் போனவங்களும் மேஸ்திரிகளோட கெடுபிடியில மாட்டினாங்க. சும்மா காசு கொடுக்க மிஷன்கிட்ட அவ்வளவு காசு இல்ல. அப்போ அவர் உள்ள இருந்த சர்வேயர் எழுந்துட்டார். நேரா இன்ஜினியர்கிட்ட போய், மூன்றரை மைல் நீளத்தை எனக்கு கான்ட்ராக்ட்டா கொடுங்கன்னு கேட்டு எடுத்தார். நம்ம கணக்குல சுமார் 5.6 கிலோமீட்டர்.

அதோட புத்திசாலித்தனத்தைக் கொஞ்சம் கவனிங்க. காசு அரசாங்கத்தோடது. ஆனா கான்ட்ராக்டர் அவர். யாரை வேலைக்கு வைக்கணும், மேஸ்திரி யார், பலவீனமானவங்களுக்கு எந்த வேலை, கூலி எப்போ கைக்குப் போகுதுன்னு அவர் முடிவு பண்ணலாம். கான்ட்ராக்ட்ல லாபம் பார்க்காத ஒரு கான்ட்ராக்டர் நடுவுல நின்னா, மேல இருந்து வர்ற காசு ஒழுகாம கீழ வரைக்கும் போய்ச் சேரும். நாலு வருஷமா கன்ஸ்ட்ரக்‌ஷன் மேனேஜ்மென்ட் படிக்குறோம், இந்த ஒரு வரியை யாரும் சொல்லிக் கொடுக்கல.

ரஜுபாலம்னு ஒரு இடத்துல முகாம். ஓலைக் குடிசைகள் போட்டாங்க. பெரய்யா மாதிரி ஊர் ஊராப் போய்ப் பிரசங்கம் பண்ணிக்கிட்டிருந்த ஆளுங்களை மேஸ்திரியா மாத்தினார். திட்டத் தெரியாத மேஸ்திரிங்க. ஆம்பளைங்க வெட்ட, பொம்பளைங்க கூடையில மண் சுமந்து கரையில கொட்ட, வேலை நடந்தது. கிறிஸ்தவங்களுக்கு மட்டும்னு வைக்கல, வந்தவங்களை எல்லாம் சேர்த்துக்கிட்டார். ரொம்ப தூரத்துல இருந்து நடந்து வந்து, வந்து சேர்ந்ததும் விழுந்து செத்தவங்களும் உண்டு. வெட்டுறவங்க மாறிக்கிட்டே இருந்தாங்க. கொஞ்சம் தெம்பு வந்ததும் ஊருக்குப் போய் மத்தவங்களை அனுப்புவாங்க.

வேலைக்கு நடுவுல உட்கார்ந்து இளைப்பாறும்போது அந்த மேஸ்திரிங்க இயேசு கதை சொன்னாங்க. ஒளிச்சு மறைக்க வேணாம், அதுவும் நடந்தது. இங்கதான் நம்ம எல்லாருக்கும் மனசுல ஒரு முள் குத்தும்.

சோத்துக்கு மதம் மாத்தினாரா?

எனக்கும் குத்துச்சு. பசிச்சவனுக்குச் சோறு போட்டுட்டுச் சாமியைப் பத்திப் பேசுனா, அவன் கேக்காம என்ன பண்ணுவான்? அவன் தலையாட்டினா அது சம்மதமா?

இந்தக் கேள்வி கிளஃபுக்கும் தெரியும். 1877-ல இருந்தே கூட்டம் கூட்டமா ஞானஸ்நானம் கேட்டு வந்தாங்க. அவர் முடியாதுன்னுட்டார். ஒரு வாரம் இல்ல, ஒரு மாசம் இல்ல. சுமார் 15 மாசம். நிவாரண வேலை நடக்குற வரைக்கும் ஒருத்தருக்குக் கூட கிடையாதுன்னு நின்னார். அவரை அனுப்பின சபைக்கு எண்ணிக்கை காட்டணும். முப்பது வருஷமா எண்ணிக்கை இல்லாம மூடப் பார்த்த மிஷன் அது. கையில ஆயிரக்கணக்குல எண்ணிக்கை வந்து நிக்குது, வேணாம்னு திருப்பி அனுப்புறார். உங்க பிளேஸ்மென்ட் ரெகார்டு ஏற வாய்ப்பு வந்தும் எந்த ஹெச்.ஓ.டி. அப்படி விடுவாரு, சொல்லுங்க.

1878 நடுவுல நிவாரணம் முடிஞ்சது. இனி கூலி இல்ல, பணம் இல்ல, தானியம் இல்லன்னு சொல்லி அனுப்பினார். தன் ஊழியர்களை மட்டும் ஓங்கோலுக்கு வடக்கே குண்டலகம்மா ஆத்தங்கரையில வெல்லம்பள்ளிக்கு வரச் சொன்னார். ஊழியர்கள் பின்னாடியே ஜனங்களும் வந்துட்டாங்க. போங்கன்னா போகல. கொடுக்க ஒண்ணும் இல்லன்னா, ஒண்ணும் வேணாம்னாங்க. ஒவ்வொரு ஊரா, அந்த ஊர் பிரசங்கியாரை வெச்சு விசாரிச்சு, ஞானஸ்நானத்துக்குச் சம்மதிச்சார்.

ஜூலை 2-ல 614 பேர். ஜூலை 3-ல 2,222 பேர். மறுநாள் 700. மூணு நாள்ல 3,536. அந்த வருஷம் முடியுறதுக்குள்ள 9,600-க்கு மேல. கிளஃப் ஆத்துல இறங்கவே இல்ல. அந்த ஊர்ப் பிரசங்கிகள் ஆறு பேர், ஒரு நேரத்துக்கு ரெண்டு பேரா மாறி மாறி நின்னாங்க. காலையில கொஞ்சம், வெயில் தாழ கொஞ்சம்னு மொத்தம் சுமார் 9 மணி நேரம்.

நான் கால்குலேட்டர் எடுத்தேன், பழக்கதோஷம். 9 மணி நேரம்னா 32,400 நொடி. ரெண்டு வரிசை, ஒரு வரிசைக்கு 1,111 பேர். ஒரு ஆளுக்கு 29 நொடி. இந்த 29 நொடியில எது எப்படி மாறும்னு முதல்ல கிண்டலாத்தான் தோணுச்சு. அப்புறம் யோசிச்சா, நேரத்தை நான் தப்பான இடத்துல அளந்திருக்கேன். 29 நொடிக்கு முன்னாடி 15 மாசம் இருக்கு. அதுக்கு முன்னாடி பெரய்யா நடந்த பத்து வருஷம் இருக்கு. அதுக்கும் முன்னாடி, ஊருக்கு வெளிய உட்கார வெச்ச பல நூறு வருஷம் இருக்கு.

முழுக்க அவர் பக்கமும் நான் பேசல. வேலை கொடுத்தவர் அவர், கதை சொன்னதும் அவரோட மேஸ்திரிங்க. உயிர் காப்பாத்தின நன்றி அந்தக் கூட்டத்துக்குள்ள இருந்திருக்கும், அதைப் பிரிச்சு எடுக்க எந்த வடிகட்டியும் இல்ல. சோத்துக்காக வந்தவங்கன்னு அன்னைக்கே கேலி பண்ணினாங்க. ஆனா இன்னொரு பக்கமும் பாருங்க. சேர்ந்தவங்களுக்கு அதுக்கு அப்புறம் ஊர்ல என்ன சுகம் கிடைச்சது? செத்த மாட்டுக் கறி சாப்பிட மாட்டோம், கோயில் திருவிழாவுக்குத் தப்படிக்க மாட்டோம், ஞாயிறு வேலை செய்ய மாட்டோம்னு சொன்னதுக்கு அடி வாங்கினாங்க, தண்ணிக்கும் வேலைக்கும் தடை வாங்கினாங்க. சோறு தீர்ந்த பிறகும் அதைத் தாங்கி நின்னாங்க. அவங்களுக்குக் கிடைச்சது சோறு மட்டும்னு சொன்னா அவங்களை அவமானப்படுத்துறோம். முடியாதுன்னு சொல்ற உரிமை முதல் தடவை கிடைச்சிருக்கு, அதை அவங்க பயன்படுத்திக்கிட்டாங்க.

அப்புறம்

கிளஃப் அதுக்கு அப்புறமும் பல வருஷம் ஓங்கோல்லயே இருந்தார். சேர்ந்தவங்க பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம், அங்க இருந்தே வாத்தியார்கள்னு வேலை போச்சு. ஹாரியட் இறந்த பிறகு எம்மா ரவுஷன்புஷ்ஷைக் கல்யாணம் பண்ணிக்கிட்டார். எம்மா மாதிகர்களோட வாழ்க்கையையும் கதைகளையும் சேகரிச்சு 1899-ல ஒரு புத்தகம் எழுதினாங்க. கிளஃப் 1910-ல அமெரிக்காவுல காலமானார். அவர் சொல்லச் சொல்ல எம்மா எழுதின அவரோட வாழ்க்கைக் கதை 1914-ல வந்தது. ஓங்கோல்ல அவர் பேருல ஒரு ஆஸ்பத்திரியும் வந்தது.

அந்தப் பஞ்சத்துக்கு அப்புறம் அரசாங்கமும் விசாரிச்சது. 1880-ல பஞ்ச கமிஷன் அறிக்கை, அதைத் தொடர்ந்து பஞ்சம் வந்தா என்னென்ன செய்யணும்னு விதிகள். வேலை கேட்டு வர்றவங்களுக்குக் கூலி வேலை கொடுக்கணும்ங்கிறது அதுல முக்கியமான விதி. இன்னைக்கு எங்க ஊர்ல நூறு நாள் வேலைக்குப் போற அக்காங்க ஏரிக்கரையில மண்வெட்டி பிடிக்கும்போது, அந்த யோசனை எத்தனை பேர் எலும்பு மேல நடந்து வந்ததுன்னு எனக்குத் தோணும்.

நான் ஏன் இதை எழுதுறேன்

இப்போ என் விஷயம். முதல் வருஷம் மழை வெள்ளத்துல நாங்க ஒரு குழுவா சாப்பாட்டுப் பொட்டலம் கொடுக்கப் போனோம். பேரெல்லாம் வேணாம். பேனர் கட்டினோம். ரிப்போர்ட்டுக்குப் போட்டோ வேணும். வரிசையில முதல்ல ஒரு தாத்தா, இடுப்பளவு ஈர வேட்டி. பொட்டலத்தை அவர் கையில கொடுத்துட்டு, கொஞ்சம் இப்படிப் பாருங்க தாத்தான்னு சொன்னது நான்தான். மொபைல்ல வெளிச்சம் சரியில்ல, மறுபடி எடுத்தோம். மறுபடியும். அவர் பொட்டலத்தைப் பிரிக்காமப் பிடிச்சுக்கிட்டே நின்னார். நாலாவது போட்டோ நல்லா வந்தது. அவர் கேட்டார், இப்போ சாப்பிடலாமா தம்பின்னு.

கோவமாக் கேக்கல. நிஜமாவே அனுமதி கேட்டார்.

ஒரு வேளைச் சோத்துக்கு நான் வாங்கின விலை அது. மதம் எல்லாம் இல்ல, ஒரு போட்டோ. கிளஃப் கையில 15 மாசம் ஆயிரக்கணக்கான பேரோட நன்றி இருந்தது, அதை வசூல் பண்ணாம வெச்சிருந்தார். என்னால மூணு நிமிஷம் முடியல.

அதனால, அவர் சாமியை நீங்க கும்பிடணும்னு நான் இதை எழுதல. எங்க வீட்டுல வேற சாமி. எங்க ஊர்ல பார்வேட்டைக்கு வரதர் பாலாத்தைத் தாண்டி வர்றப்போ நானும் கூட்டத்துல நிப்பேன். ஆனா ஒரு இன்ஜினியரா அந்த மூன்றரை மைல் எனக்கு வேணும். நாளைக்கு நாம சைட்டுக்குப் போவோம். ஒப்பந்தக்காரர் நாமளா இருப்போம், இல்ல அவருக்குக் கீழ இருப்போம். மெஷர்மென்ட் புக்ல கையெழுத்துப் போடுற பேனா நம்ம கையில இருக்கும். ஒடிஷாவுல இருந்தோ பீகார்ல இருந்தோ வந்த ஒருத்தரோட வாரக் கூலி அந்தப் பேனா நுனியில தொங்கும். அது ஒழுகாம அவர் கைக்குப் போய்ச் சேருதான்னு பார்க்குறதுக்குப் பாதிரியாரா இருக்கணும்னு அவசியம் இல்ல.

அடுத்த தடவை பொட்டலம் கொடுக்கப் போனா, நான் வர்றேன். அரிசி மூட்டை தூக்குறேன், அளந்து போடுறேன், கணக்கு எழுதுறேன். பேனரும் மொபைலும் வண்டியிலயே இருக்கட்டும்.

முடிஞ்சா ஒரு ஞாயித்துக்கிழமை எங்க ஊருக்கு வாங்க. கோயில் கல்வெட்டைக் காட்டுறேன். யாருக்கு எத்தனை நெல்லுன்னு அளந்து எழுதினதைப் பார்த்துட்டு, எங்க வீட்டுல சாப்பிட்டுட்டுப் போகலாம். போட்டோ எடுக்க மாட்டேன்.